வெயிலில் இறுகிய கதவுகள்

நாங்கள் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தபோது நாலு மாடிதான். அப்புறம் முதலாளி மேலே இன்னும் இரண்டு மாடி ஏற்றினார். தரைத்தளத்தில் இரண்டு கடைகளுக்கு நடுவே இருந்த சுவரைத் தட்டி எடுத்து, ஒரே பெரிய கடையாக்கி, கூடுதல் வாடகைக்கு விட்டார். அந்தச் சுவர் எதற்காக அங்கே நின்றது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாமான் வாங்க உள்ளே போனால் தாராளமாக நடக்க முடிந்தது, அது போதுமாக இருந்தது.

என் கணவர் தச்சர். இந்தக் கட்டடத்து மரவேலை முழுக்க அவர் கையில்தான். ஒரு அறையை இரண்டாக்குவார், அந்த இரண்டில் ஒன்றை மறுபடி இரண்டாக்குவார். நடுவே பலகை அடித்து ஒரு கதவு மாட்டிவிட்டால் முடிந்தது. கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஜன்னல் இல்லை என்று ஒருவரும் குறை சொல்லவில்லை, சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்தால் அதை வீடு என்றார்கள். இப்போது மாடிப்படியில் ஒருவர் இறங்கினால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். யார் வீட்டில் யாருக்கு இருமல் என்பது கட்டடத்துக்கே தெரியும்.

அக்காவின் ஊரில் எல்லாம் தலைகீழ். பிள்ளைகள் போதவில்லை என்று பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஏற ஆள் இல்லை என்று பஸ்ஸை நிறுத்தினார்கள். பஸ் நின்றதால் மிச்சம் இருந்தவர்களும் கிளம்பினார்கள். இதில் யாரைத் திட்டுவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை, அதனால் மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் தெருவில் விளக்கு எரிகிற வீடு அவர்களுடையது மட்டும்தான் என்று ஆனபோது, நான்தான் கூப்பிட்டேன். உச்சிமாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. முதலாளியின் கையைக் காலைப் பிடித்து அதை வாங்கி வைத்தேன். அக்காவும் மாமாவும் அவர்களுடைய பெண் குழந்தையும் இனி என் தலைக்கு மேலேயே இருப்பார்கள் என்று எனக்கு ஒரே குஷி.

அதே மாதம்தான் கதவுகள் சட்டத்தில் மாட்டிக்கொள்ளத் தொடங்கின. இரண்டாம் மாடித் தையல்காரம்மா வந்து, கதவைச் சாத்த முடியவில்லை என்றார். என் கணவர் இழைப்புளியை எடுத்துக்கொண்டு போய் ஓரத்தைச் சீவிவிட்டு வந்தார். அடுத்தது மூன்றாம் மாடி சபாநாயகர். அவர் உண்மையில் காவல்காரர். படியில் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி வைத்துப் பேசுவதால் அவருக்கு அந்தப் பெயர். பிறகு நாலாம் மாடி, ஐந்தாம் மாடி. மழைக்காலம் தோறும் நடக்கிற கூத்துதானே என்று இருந்துவிட்டோம்.

"மரம்னா உப்பத்தான் செய்யும்" என்பார் இவர். சீவிய கதவு விரலால் தொட்டாலே சாத்திக்கொள்ளும். எல்லோரும் அவரை மெச்சினார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவரும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தார். அவர் உடுப்பிலிருந்து உதிரும் சீவலை நான் முணுமுணுத்துக்கொண்டே பெருக்கித் தள்ளினேன்.

ஒரு நாள் சாயங்காலம் அக்கா குடும்பம் வந்து இறங்கியது. மாமா சாமானோடு கீழே நடைபாதையில் நின்றார். அக்காவும் குழந்தையும் முதல் மாடியில் இருக்கும் எங்கள் அறைக்கு வந்தார்கள். கதவு பாதியில் மாட்டிக்கொண்டது. இவர் சிரித்துக்கொண்டே இழைப்புளியை எடுத்தார்.

"எதுக்கு தம்பி இழைக்கிறீங்க?" என்றாள் அக்கா.

"உப்பிடுச்சுக்கா."

"இந்த வெயில்லயா? எங்க தெருவுல பூட்டிக் கெடக்கிற கதவெல்லாம் காஞ்சு சுருங்கி, சந்துல கையே போகுது. நாங்க பூட்டிட்டு வந்த கதவு பூட்டோட சேர்ந்து ஆடுச்சு. உங்க மரத்துக்கு மட்டும் தனி வெயிலா?"

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. இழைப்புளி பாதியில் நின்றது. கீழே விழுந்த சீவல் ஒன்றை எடுத்து விரலுக்கு நடுவே நசுக்கினார். அது அப்பளமாக நொறுங்கியது.

"ஈரமே இல்ல" என்றார் மெதுவாக.

இத்தனை நாளும் கதவையே பார்த்தவர் அப்போதுதான் நிலைச்சட்டத்தைப் பார்த்தார். நூலில் ஆணியைக் கட்டி மேல் மூலையிலிருந்து தொங்கவிட்டார். நூல் நேராகத் தொங்கியது. சட்டம் அதைவிட்டு விலகிச் சாய்ந்திருந்தது. இன்னொரு தடவை தொங்கவிட்டுப் பார்த்தார்.

"என்னங்க?"

"எல்லா மாடியிலயும் ஒரே மூலையைத்தான் சீவியிருக்கேன். எல்லாமே அந்தக் கடைக்கு நேர் மேல. அந்தச் சுவர் இருந்த எடத்துக்கு மேல." சட்டத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார். "கதவு பெருசாகலம்மா. கட்டடம் எறங்குது."

அக்கா குழந்தையை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். இருவரையும் கீழே அனுப்பினேன். ஜன்னல் வழியாக மாமாவிடம், "சாமானை ஏத்தாதீங்க மாமா" என்று கத்தினேன். "ஏத்தாம என்ன பண்றது? வண்டி போயிடுச்சே" என்றார் அவர்.

இவர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி ஒரே வரியில் முடித்துவிட்டார். "பயமா இருந்தா காலி பண்ணிக்க, அந்த ரூமுக்கு ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க."

நாங்கள் இரண்டு பேரும் மாடி மாடியாக ஏறினோம். தையல்காரம்மா மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. காலை நீட்டிக் கதவை ஒரு தள்ளு தள்ளினார். அது சத்தமில்லாமல் போய்ச் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"நல்லாத்தானே சாத்துது? நீங்கதானே சரி பண்ணீங்க."

சபாநாயகர் சும்மா விடுவாரா? கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒரு பிரசங்கமே செய்தார். "பாருங்க தச்சரே, வெண்ணெய் மாதிரி இருக்கு. உங்க வேலையில உங்களுக்கே நம்பிக்கை இல்லாம போச்சா? சரி, எறங்கறோம். எறங்கி எங்க போறது? இந்த ஊர்ல எள்ளு போட எடம் இருக்கா? திரும்பி எங்க ஊருக்குப் போகச் சொல்றீங்களா? அங்க போறதுக்குப் பஸ்ஸே கிடையாது."

இவர் நூலைத் தொங்கவிட்டுக் காட்டினார், சபாநாயகர் கதவையே பார்த்தார். வேறு எடுத்துக் காட்ட இவரிடம் ஒன்றும் இல்லை. கட்டடம் சொன்னதையெல்லாம் அவரே சீவித் தள்ளியிருந்தார், அதை நான் பெருக்கிக் கொட்டியிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் பேச்சைக் கேட்டு இறங்கியவர்கள் கைக்குழந்தைக்காரி ஒருத்தியும், எதற்கும் பயப்படுகிற ஒரு கிழவரும்தான். அவர்களோடு நாங்களும் தெருவுக்கு வந்து, அக்காவின் பாத்திரம் பண்டங்களுக்கு நடுவே நின்றோம். வேலை விட்டு வருகிற நேரம். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் வாசலில் கையை விரித்து மறித்தேன். "நாள் பூரா நின்னுட்டு வர்றேன்க்கா, வழி விடுங்க" என்று ஒரு பெண் என் கைக்கு அடியில் குனிந்து போய்விட்டாள். மாடிதோறும் விளக்குகள் எரியத் தொடங்கின. இத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

கடையின் உள்கூரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொடக்கு எடுக்கிற மாதிரி, ஒரே ஒரு தடவை. கடைக்காரர் மேலே அண்ணாந்து பார்த்தார். பார்த்த கையோடு கல்லாவை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்.

உடனே மூன்றாம் மாடி ஜன்னலில் சபாநாயகரின் தலை தெரிந்தது. "தச்சரே, நீங்க சொன்ன வாய் முகூர்த்தம், கதவு மாட்டிக்கிச்சு. கொஞ்சம் இழைப்புளியை எடுத்துட்டு வாங்க." அவர் குரலில் சிரிப்பு இருந்தது. பிறகு தையல்காரம்மா தன் கதவை உள்ளேயிருந்து தட்டுவது கேட்டது. பிறகு அதற்கு மேலே. பிறகு அதற்கும் மேலே. தட்டுகிற சத்தம் மாடி மாடியாக ஏறிக்கொண்டே போனது.

இவர் வேலைப் பையிலிருந்து இழைப்புளியை எடுத்து அக்காவின் மூட்டைமேல் வைத்தார். கடை வாசலில் கிடந்த கடப்பாரையைத் தூக்கினார். நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதீங்க. சொல்லியாச்சு, கேக்கல. இனி அவங்க பாடு."

"நான் மாட்டின கதவு" என்றார்.

சட்டைப் பொத்தான் என் கையோடு வந்துவிட்டது. அவர் படியேறிவிட்டார். இரண்டாம் மாடியில் கடப்பாரை இறங்கும் சத்தம் கேட்டது. பலகை பிளந்தது. தையல்காரம்மா தலைவிரிகோலமாகப் படியில் ஓடிவந்தார். கடைக்குள்ளிருந்து மறுபடி அந்தச் சொடக்கு கேட்டது, இந்தத் தடவை நிற்காமல். கடப்பாரைச் சத்தம் மூன்றாம் மாடிக்கு ஏறியது. ஜன்னலில் இருந்த தலை உள்ளே திரும்பிக் கத்தியது.

"பார்த்து தச்சரே, கதவு பாழாயிடப்போகுது."