வாய் மூடிய படம்

பெற்றோர் கூட்டத்தில் ஜெயப்ரியா டீச்சர் சுவரோரம் நாற்காலியில், அபிநயாவின் அம்மா பொன்னி ஜன்னல் பக்கம் பாயில், அவளுக்கு இடப்புறம் கலாவதி, கடைசியாகக் கதவருகில் தான்... இல்லை, கலாவதி வலப்புறமோ, புகாரில் ஒரு இடம் பிசகினாலும் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்களே என்று ரிஷபதாஸ் பேனாவை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் மகள் நிரஞ்சனா நின்றிருந்தாள், சத்தமில்லாமல், எப்போதும்போல, மூன்றே முக்கால் வயசாகியும் வீட்டில் நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், டாக்டரிடம் காட்டலாம் என்கிறாள் மனைவி தயாவதி, இந்த டீச்சரானால் மழலையர் பள்ளியில் பிள்ளைகள் பேசுவதையெல்லாம் நோட்டில் எழுதுகிறாளாம், படமெடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறாளாம், இன்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கிறாள், நிரஞ்சனா பொம்மைகளை உட்காரவைத்துச் சொன்னதாம்: "அப்பா நாக்கால ஒட்டறவரைக்கும் யாரும் பேசக்கூடாது." நாக்கால் ஒட்டுவதா, எதை... கதை கட்டிவிடுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? "வீட்ல பேசாத கொழந்த இங்க எப்பிடிம்மா பேசும்?" என்று கேட்டால், "பேசுது சார், கேட்டுக்கினேதான் எழுதனேன்" என்கிறாள், நடுவில் பொன்னி வேறு, "எம்பொண்ணு தறிச் சத்தத்தயே அமுக்கிடுவா, அவ பேச்சுல பாதிய உங்களுக்குத் தரட்டாண்ணா?" எல்லாருக்கும் சிரிப்பு.

அடுத்த வாரம் அதிகாரி பார்வையிட வருகிறாராம், அதற்குத்தானே இந்த ஜோடனை? இந்த நோட்டை நம்பி டாக்டரைத் தள்ளிப்போட்டால் யார் பொறுப்பு? குழுவில் வந்த படத்தை மறுபடி பார்த்தார், நிரஞ்சனா உதட்டின்மேல் விரல் வைத்திருக்கிறாள், வாய் மூடியே இருக்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும், டீச்சரை மாற்றக் கோருகிறேன் என்று முடித்துக் கையெழுத்திட்டார். தெருவிளக்குக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று என்று மாலைதோறும் ஒரு கடிதம், எழுதும்போது வீட்டில் மூச்சு விடக்கூடாது, கோயில் தெரு மூலையில் தபால்பெட்டி வரை நடந்து, கடைசியாக ஒருமுறை படித்துவிட்டு அங்கேயேதான் உறையை ஒட்டுவார், நிரஞ்சனாவும் கூடவே வருவாள். இன்றும் பெட்டியருகே நின்று படித்தார், பிழையில்லை, உறையின் மடிப்பை நாக்கால் நனைத்து அழுத்தி ஒட்டினார், பெட்டிக்குள் நீட்டினார், பசையின் கசப்பு நாக்கில்... நாக்கில். டீச்சர் இந்தத் தெருப் பக்கமே வந்தவளில்லையே, அவளுக்கு எப்படி... விரல்கள் அதற்குள் விட்டுவிட்டிருந்தன. உள்ளே கடிதம் விழுந்த சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தார். நிரஞ்சனா உதட்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டிருந்தாள்.