ஒரு மடக்கு தண்ணீர்

"உங்க கூடத்துப் பொம்பளைங்க நேத்தும் வந்தாங்கம்மா. படுத்த உடனே பையிலேர்ந்து பாட்டிலை எடுக்கறாங்க. 'தண்ணி முழுங்கட்டா சார்?'னு கேக்கறாங்க. யார் வந்தாலும் இதே கேள்வி."

"கேட்டா இன்னா சார் தப்பு? கழுத்து ஸ்கேன் எடுக்கத்தானே வராங்க," என்றாள் என் தங்கை பிலோமி. "துட்டு குடுக்காம ஓடிட்டாங்களா?"

"அதில்லம்மா. வெளியே உக்காந்திருக்கறவங்க காதுல விழுது. எதுக்கு தண்ணின்னு விசாரிக்கறாங்க. பாதிப் பேர் எழுந்து போயிடறாங்க."

இப்படிப் புலம்பிய டாக்டர் தவசிமுத்து, காசிமேட்டு மீன் ஏலக் கூடத்தின் ஈரத் தரையில், பேன்ட்டின் அடியை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது அவருடைய ஸ்கேன் சென்டர். ஏசி ஓடும் அந்த அறையில் படுத்தால், அடுத்த தெருவில் கடல் இருப்பதே மறந்துபோகும். இங்கே அவருடைய ஷூவில் மீன் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக ஆசையோடு பார்த்தேன்.

என் பெயர் ஜானட். போன வருடம்வரை இந்தக் கூடத்தில் ஏலம் கூறியவள் நான். நான் கூவ ஆரம்பித்தால், டீக்கடையில் இருக்கும் வியாபாரிகள் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவார்கள்.

தொண்டையில் ஏதோ அடைப்பதுபோல் இருக்கிறதென்று இவரிடம் போனேன். ஒரு கையில் போன், மறு கையில் கருவி. யாரிடமோ பேசிக்கொண்டே என் கழுத்தைத் தடவிப் பார்த்து, வலப்பக்கம் தைராய்டுக்குப் பின்னால் கட்டி என்று எழுதிக் கொடுத்தார். ஊசி குத்திப் பார்த்ததில் தெளிவாகத் தெரியவில்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் கழுத்தைத் திறந்தார்கள். கட்டி இல்லை. அங்கே இருந்தது என் உணவுக்குழாய்.

பெரும்பாலானவர்களுக்கு அது மூச்சுக்குழாய்க்குப் பின்னால் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து இறங்குமாம். எனக்கு வலப்பக்கம் ஒதுங்கி இறங்குகிறது. அபூர்வமாகச் சிலருக்கு அப்படி இருக்கும், ஸ்கேன் எடுக்கும்போது ஒரு மடக்கு தண்ணீர் விழுங்கச் சொல்லியிருந்தால் அது உள்ளே இறங்குவது திரையிலேயே தெரிந்திருக்கும் என்று அறுத்த டாக்டர் சொன்னார். இல்லாத கட்டியைத் தேடிப் போன கத்தி, குரல் நரம்பைக் கெடுத்துவிட்டது. இப்போது நான் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

பிலோமியோடு நியாயம் கேட்கப் போனபோது இவர் நாற்காலியைவிட்டு எழவில்லை. "என் ஸ்கேன்ல தப்பில்லம்மா. உங்க கழுத்து அமைப்பு அப்படி," என்றார்.

அதை அப்படியே பிலோமி கூடத்தில் வந்து சொன்னாள். மறுநாளே, எங்களோடு மீன் விற்கும் குப்பம்மா கையைக் கழுவிக்கொண்டு ஸ்கேன் சென்டருக்குப் போய்விட்டாள். கொண்டுபோன பாட்டில் முழுவதையும் குடித்துவிட்டு, "இன்னொரு பாட்டில் கீது சார், அதையும் முழுங்கட்டா?" என்று கேட்டாளாம். அன்றைக்கு நான் சத்தமில்லாமல் சிரித்த சிரிப்பில் தையல் போட்ட இடம் இழுத்தது. பிறகு கூடை தூக்குகிறவள், ஐஸ் போடுகிறவள், மீன் வெட்டுகிறவள் என்று முறைவைத்துப் போனார்கள்.

"அவங்களை நிறுத்தச் சொல்லுங்க," என்று இப்போது பிலோமியிடம் கெஞ்சினார் டாக்டர்.

"என்னாண்ட கேட்டா? அக்காவாண்ட கேளு சார். அத்தோட கழுத்துதானே?"

என் உதட்டசைவைப் பார்த்து ஊருக்கு எடுத்துச் சொல்கிறவள் பிலோமிதான். அதற்குள் வஞ்சிரம் வந்து இறங்கியது. வியாபாரிகள் அவளைக் கூப்பிட்டார்கள். போய் ஏலத்தைத் தொடங்கினாள். என் இடத்தில் இப்போது அவள்தான் கூவுகிறாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். இந்த நிமிடத்தை எத்தனையோ முறை கண்ணை மூடிப் பார்த்திருக்கிறேன்.

"கூடத்துக்கு நடுவுல போய் நில்லுங்க," என்றேன். "கட்டி இல்லாத கழுத்தை அறுக்க வச்சது நான்தான்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. சொல்லிட்டா நாளைக்கு யாரும் பாட்டிலோட வரமாட்டாங்க."

பின்னால் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பிலோமியின் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. டாக்டர் என் வாயையே பார்த்தார். பிறகு குனிந்து, கையைக் குவித்துக் காதருகே வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா," என்றார்.