கிழவரின் கரகரப்பு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பல் டாக்டருக்குப் பித்துப் பிடித்துவிடும். சின்ன வயதில் அப்பாவின் டேப் ரிக்கார்டரில் கேட்ட ப்ளூஸ் என்ற அமெரிக்க இசையை வாசிக்கும் ஒரு கிழவரின் கிட்டார் சத்தம், அச்சு அசலாக அப்படியே அவருக்கு வேண்டும். முதலில் கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் மலிவான ஆம்ப் ஒன்றை வாங்கினார். பிறகு நடுத்தர விலையில் ஒன்று. கடைசியில், கார் வாங்க வைத்திருந்த பணத்தில், கிழவர் வாசித்த அதே ரக வால்வு ஆம்ப். எதிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் தொண்டையில் முள் சிக்கியது போன்ற அந்தக் கரகரப்பு மட்டும் வரவேயில்லை.

அன்று வீட்டுக்கு வந்திருந்த அக்கா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"டேய் மக்கு, அது கிழவரோட கரகரப்பு இல்லடா. அஞ்சு வயசுல நீதானே டேப் ரிக்கார்டர் ஸ்பீக்கரைப் பேனாவால குத்திக் கிழிச்சே? உனக்காக அப்பாகிட்ட அடி வாங்கினது நான்!"

முப்பது வருடத்துக்கு முன் செய்த தன் கைவேலையைத்தான் கடை கடையாகத் தேடியிருக்கிறார்! டாக்டர் மலிவான ஆம்பின் ஸ்பீக்கரை மூடியிருந்த துணியைக் கழற்றிவிட்டு, சட்டைப்பையிலிருந்த பேனாவை அக்காவிடம் நீட்டினார்.

"இந்தத் தடவை நீ குத்துக்கா. அடிதான் அப்பவே வாங்கிட்டியே."

அக்கா பேனாவால் ஓங்கி ஒரு குத்து விட்டாள். டாக்டர் கிட்டாரை மீட்டினார். கரகரவென்று வந்தது, அதே சத்தம்.

அப்பா போய்ப் பதினோரு வருடமாகிறது. இருந்தாலும் இருவரும் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.