அடைப்புக்குறிக்குள் ஒரு சிரிப்பு

நகுலா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நான் சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். மத்தியான நேரம். எனக்கு அன்று பின்னேர ஷிப்ட். ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே வந்திருந்தாள். அதன் வயர் நுனி இடுப்பருகே ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க வந்தவள்போலக் குழாயடியில் நின்றாள். ஆனால் கிளாசை எடுக்கவில்லை.

"ஒருத்தர் சிரிக்கிறார்," என்றாள்.

"ஆர்?"

"அது சொல்லேலாது. சிரிக்கிறார். அதைப் போடுறதோ விடுறதோ எண்டு யோசிக்கிறன்."

இது நடந்து சில வருடங்களாகிறது. நகுலாவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம், பதவி முடிந்து போன ஒரு ஜனாதிபதியின் காலத்தை ஆவணமாகச் சேகரித்துக்கொண்டிருந்தது. அரசாங்கக் காகிதங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக ஓரிடத்தில் இருக்கும். ஆனால் காகிதத்தில் ஏறாத விசயங்கள் உண்டல்லவா? ஒரு முடிவு எடுக்கப்படுவதற்கு முன் நடைபாதையில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், யார் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள் என்பவை. அதற்காக அந்த ஜனாதிபதியிடம் வேலை பார்த்தவர்களை, ஆலோசகர் முதல் சமையல்காரர் வரை, ஒவ்வொருவராக உட்காரவைத்து நாட்கணக்கில் பேசவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை ஒரு சிறிய ஏஜென்சி வழியாக லண்டனில் இருந்த சிலருக்கு வந்தது. அவர்களில் ஒருத்தி நகுலேஸ்வரி, என் மனைவி. செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு மாடியில், ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காத அளவு அறையொன்றில், அமெரிக்க ஆட்சி ஒன்றின் உள்வீட்டுப் பேச்சு சில வருடங்கள் அவளுடைய காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஜனாதிபதி யார் என்று நான் எழுதப்போவதில்லை. அவள் இருந்திருந்தால் அதை விரும்பியிருக்க மாட்டாள்.

யாழ்ப்பாணத்தில் சுருக்கெழுத்துப் படித்தவள். கொழும்பில் ஒரு கந்தோரிலும், இங்கே வந்தபின் ஒரு சட்டத்தரணி அலுவலகத்திலும் தட்டச்சு செய்தவள். அந்த அலுவலகம் மூடிய பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. மேசைக்குக் கீழே தையல் மெஷின் மிதிபோல ஒன்று இருக்கும். அதை மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும், குதியால் அழுத்தினால் கொஞ்சம் பின்னுக்குப் போகும். இந்தப் பழக்கம் அவளுடைய காலோடு ஊறிவிட்டது. கோயிலில் பிரசங்கம் செய்கிறவர் ஒரு சொல்லை விழுங்கிவிட்டால், பக்கத்தில் சப்பாணி கட்டியிருக்கும் இவளுடைய குதிக்கால் தரையை அழுத்தும். நான் பார்த்துச் சிரிப்பேன். "அவரைப் பின்னுக்குக் கொண்டுபோகேலாது," என்பேன். "கொண்டுபோனாலும் அதையேதான் சொல்லப்போறார்," என்பாள் உதடு அசையாமல்.

வேலையைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். வீட்டில்கூடப் பேச மாட்டாள். அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி கணேஸ்வரன் பாரிஸிலிருந்து வந்து அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை போட்டவர்; மீனும் கதையும் கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அவருக்கு இது பொறுக்காது.

"அத்தான், உங்கட வீட்டில வெள்ளை மாளிகையே மாடியில கிடக்கு. நீங்கள் என்னடாவெண்டால் பஸ் ஓட்டுறியள்."

"கீழ் வீட்டுக்காரன் நான். மேல் மாடி விசயம் எனக்குத் தெரியாது."

"அக்கா, உங்கட பேர் போடுவினமோ அதில?"

"ஏன் போடோணும்? நான் ஒண்டும் சொல்லேல்லையே. அவையள் சொல்லுறதைத்தானே அடிக்கிறன்."

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. எங்கட சனத்துக்காக ஒரு வசனம் சேத்துவிடுங்கோவன். ஆயிரம் பக்கத்துக்குள்ள ஆருக்குத் தெரியப்போகுது?"

பகிடியாகத்தான் சொன்னார். நகுலா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஒண்டு சேத்தால் பிறகு சொன்னதெல்லாம் பொய்யாப்போகும் கணேஸ்," என்றாள்.

அன்று மத்தியானத்துக்கு வருகிறேன். சிரிப்பை எழுதுவதற்கு அவர்களுடைய வேலையில் ஒரு முறை உண்டு. பேசுகிறவர் சும்மா மூச்சுவிடுவதுபோலச் சிரித்தால் விட்டுவிடலாம். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் சொன்னதின் அர்த்தம் மாறிவிடும் என்றால், அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று போட வேண்டும். எது எப்படியென்று தீர்மானிப்பது கேட்கிறவரின் காது. அதுவரை அவள் ஒரு சிரிப்புக்காக மாடியிலிருந்து இறங்கி வந்ததில்லை.

"என்னத்துக்குச் சிரிக்கிறார்?" என்று கேட்டேன்.

ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள். பிறகு, "எங்கட பக்கத்து விசயம். அதுக்கு மேல கேக்காதேங்கோ," என்றாள்.

இத்தனை வருட வேலையில் அவள் கையெழுத்தை மீறியது அந்த மூன்று சொற்களில்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுடைய கூடப்பிறந்த தம்பி போரின் கடைசி மாதங்களில் வன்னிக்குள் அகப்பட்டிருந்தவர். ஒரு நாள் தொலைபேசியில் பேசினார், மழையில் தறப்பாள் கூடாரத்துக்குள் இருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. அந்த மாதங்களில் இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு சனமாக நாங்களும் நின்றோம். உலகத்தில் யாராவது எங்கேயாவது ஒரு மேசையில் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு நின்றோம். அப்படியொரு மேசையிலிருந்த ஒருவர் இப்போது மாடியில் சிரிக்கிறார்.

"போடும்," என்றேன். கத்தி கையில் இருந்தது. "யோசிக்க என்ன கிடக்கு? போடும்."

"அதுதான் பயமா இருக்கு. நீங்கள் உடன போடும் எண்டுறியள். எனக்கும் உடன அப்பிடித்தான் வந்தது." கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "வேற ஒரு நாட்டைப் பற்றிக் கதைச்சு இப்பிடிச் சிரிச்சிருந்தால் நான் போட்டிருப்பனோ? அது தெரியாமல் எப்பிடிப் போடுறது?"

நான் கத்தரிக்காயை உப்புத் தண்ணீரில் போட்டேன்.

"இஞ்சரப்பா, பஸ்ஸில ஒருத்தர் சிரிச்சால், பகிடிக்குச் சிரிக்கிறாரோ வெக்கத்தில சிரிக்கிறாரோ எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"எல்லாரும் என்ர முதுகுக்குப் பின்னாலதானே சிரிக்கிறவை. நான் கண்டனோ?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து மேலே போனாள். நான் ஷிப்டுக்குப் போகும்போது கதவு சாத்தியிருந்தது.

அவள் என்ன செய்தாள் என்பதை மறுநாள் சொன்னாள். யார், என்ன என்பதை விட்டுவிட்டு, செய்த விதத்தை மட்டும். அந்த மனிதருடைய பதிவு பல நாட்கள் நீண்டது. முந்திய நாட்களுக்குரியவற்றை அவள் முன்பே எழுதி முடித்திருந்தாள். அவை இன்னும் அவளுடைய கணினியில் இருந்தன. அவற்றை எடுத்து, அவர் எங்கெங்கே சிரிக்கிறார், தான் எங்கே போட்டிருக்கிறாள், எங்கே விட்டிருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகத் திரும்பவும் கேட்டிருக்கிறாள். தேர்தல் கதைக்குச் சிரித்தது, நாயைப் பற்றிச் சொன்னபோது சிரித்தது, தான் செய்த பிழை ஒன்றைச் சொல்லும்போது தொண்டைக்குள் குறுக்கிச் சிரித்தது. இந்தக் கடைசிச் சிரிப்பை அவள் தவறாமல் போட்டிருந்தாள். எங்களுடைய பக்கத்து விசயத்துக்கு வந்த சிரிப்பும் அதே சிரிப்பு.

"அதால போட்டிட்டன்," என்றாள். ஒரு வழக்கைக் கேட்டு முடித்தவளின் களைப்பு முகத்தில் இருந்தது.

"அந்தாள் வாசிச்சிட்டு வெட்டினால்?"

எழுத்தாக்கியது முதலில் பேசியவரிடமே போகும் என்பது எனக்குத் தெரியும். அவர் விரும்பாததை நீக்கலாம். நீக்கியது போக மீதியைத்தான் உலகத்துக்குத் திறப்பார்கள், அதுவும் அவர் சம்மதித்த காலத்தில்.

"வெட்டலாம். வெட்டுறது அவற்ற உரிமை," என்றாள். "போடாமல் விடுறது என்ர உரிமையில்லை."

அந்த வசனத்தை நான் பஸ் ஓட்டும்போது எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிவப்பு விளக்குகளில் நிற்கும்போது, மழையில் றொம்ஃபோர்ட் றோட்டில் ஊர்ந்து போகும்போது. என்னுடைய வீட்டில், நான் கட்டிய மனிசி சொன்ன வசனம் என்று எனக்கு ஒரு நிமிர்வு. வெளியே யாருக்கும் சொல்ல முடியாத நிமிர்வு.

பிறகு அந்த வேலை முடிந்தது. ஏஜென்சி வேறு வேலைகள் தந்தது, வைத்தியர்களின் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள். ஆனால் அந்த ஒன்றை நகுலா மறக்கவில்லை. இடைக்கிடை பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். சமையல்காரருடையது வந்துவிட்டது, யாரோ ஒரு செயலாளருடையது வந்துவிட்டது. அந்த மனிதருடையது வரவில்லை. "இன்னும் இல்லை," என்று சொல்லிவிட்டு மூடுவாள். ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கிமோ ஏறிக்கொண்டிருக்கும்போதுகூட ஒருமுறை போனில் பார்த்தாள். இன்னும் இல்லை. போன வருடம் மாசி மாதம் அவள் போய்விட்டாள். செத்த வீட்டில் பேசியவர்கள் அவளுடைய சமையலையும் கோயில் தொண்டையும் பற்றிப் பேசினார்கள். எல்லாம் உண்மைதான். மாடியறையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசுவதற்கு அவர்களுக்குத் தெரியாது.

மகள் மயூராவுக்கு நான் சொன்னேன். கையெழுத்துப் போட்டவள் அவள், நானில்லை என்று எனக்குள் ஒரு நியாயம் வைத்துக்கொண்டு சொன்னேன். மயூரா லண்டனின் தென்புறம் சட்டனில் இருக்கிறாள், கவுன்சிலில் வேலை. அன்றிலிருந்து தாயைப்போலவே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். இந்தச் சித்திரையில் ஒரு சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"அப்பா, வந்திட்டுது. நான் இன்னும் வாசிக்கேல்லை. உங்களோட வாசிக்கலாம் எண்டு வந்தனான்."

இருவரும் மாடியறைக்குப் போனோம். அவள் தாயின் கதிரையில் இருந்தாள், நான் கதவோரம் ஒரு முக்காலியில். மிகவும் நீளமான ஆவணம். பேசியவரின் பெயர், கேட்டவர்களின் பெயர்கள், தொகுத்தவரின் பெயர் எல்லாம் முதல் பக்கத்தில் இருந்தன. மயூரா மேலும் கீழும் தேடினாள்.

"அம்மான்ர பேர் எங்கயும் இல்லை."

"அது இராது பிள்ளை."

"நொட் ஃபெயர், அப்பா."

போகப் போக, சில இடங்களில் கறுப்புக் கோடுகள் இருந்தன. பேசியவரின் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது என்று சிறிய எழுத்தில் குறிப்பு. ஓரிடத்தில் அரைப் பக்கமே இல்லை. மனிதர் ஒவ்வொரு வரியாகப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்தது. இத்தனை கவனமாக வெட்டத் தெரிந்தவர் அதை விட்டிருப்பாரா?

எங்கள் தீவின் பெயரைப் போட்டுத் தேடச் சொன்னேன். முழு ஆவணத்திலும் ஒரே ஓரிடத்தில் இருந்தது. மயூரா வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். நான் நினைவிலிருந்து எழுதுகிறேன்.

அந்த மாதங்களில் அங்கே நடந்தது உங்கள் கவனத்துக்கு வந்ததா என்று கேட்கிறார்கள். வந்தது, என்கிறார் அவர். தினமும் காலையில் ஒரு கட்டுக் காகிதம் வரும்; அது அந்தக் கட்டில் எங்கோ அடியில் இருந்தது. அடுத்ததாக, அடைப்புக்குறிக்குள், சிரிப்பு. பிறகு அவர் தொடர்கிறார்: அடிவரைக்கும் போக எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

மயூரா திரையிலிருந்து முகத்தை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அது அழுகையில்லை.

"மாமா மழைக்குள்ள கிடக்க, இந்தாள் சிரிக்குது."

"ஓம்," என்றேன். "சிரிச்சது எழுத்தில இருக்கு."

சொல்லும்போது என்னுடைய குரல் எனக்கே உயரமாகக் கேட்டது. நகுலா வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரு ஜனாதிபதியின் காலத்தைத் தேடி நாளைக்கு வருகிறவன் எவனும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"பொறுங்கோ அப்பா, இன்னும் கிடக்கு," என்றாள் மயூரா.

அதற்குக் கீழே இன்னொரு அடைப்புக்குறி. மௌனம். அதைப் பற்றி நகுலா என்னிடம் சொன்னதேயில்லை. அதற்குக் கீழே அவர் மறுபடி பேசுகிறார்: நான் சிரித்திருக்கக் கூடாது. அதை எடுத்துவிடுங்கள். கேட்டவர் பதில் சொல்கிறார்: எழுதி உங்களிடம் வரும்போது நீங்களே எடுக்கலாம். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள், ஏதோ ஒரு வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி.

எழுதி அவரிடம் போயிருக்கிறது. அரைப் பக்கத்தை அடித்த பேனை இந்தப் பக்கத்துக்கும் வந்திருக்கிறது. தன் சிரிப்பை அச்சில் பார்த்திருக்கிறார், எடுத்துவிடச் சொன்னதையும் பார்த்திருக்கிறார். கறுப்புக் கோடு இல்லை.

"ஏன் எடுக்கேல்லை?" என்றாள் மயூரா. "மறந்திட்டாரோ?"

"தெரியாது பிள்ளை."

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ, எடுக்க மாட்டார் எண்டு?"

எடுக்கச் சொன்னதைக் காதால் கேட்ட பிறகும் அதைத் தட்டச்சு செய்துவிட்டு, அதைச் சொல்லாமல் இறங்கி வந்து என்னோடு சோறு சாப்பிட்டிருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

"திரும்ப ஒருக்கா வாசியும்," என்றேன். "இங்கிலீசிலயே வாசியும். ஒண்டையும் விடாமல்."

மயூரா கேள்வியிலிருந்து தொடங்கினாள். காகிதக் கட்டை வாசித்தாள். அடைப்புக்குறிக்கு வந்ததும் தயங்கி, சிரிப்பு என்ற சொல்லை, ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயரை அறிவிப்பதுபோல நேராகச் சொன்னாள். அடிவரைக்கும் போக நேரமில்லாததை வாசித்தாள். மௌனம் என்றிருந்த இடத்தில் அவள் எதையும் சொல்லவில்லை. திரையில் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தபடி வாயை மூடிக்கொண்டு இருந்தாள். நானும் இருந்தேன். வெளியே எதிர்வீட்டுக்காரர் கார் கழுவிய தண்ணீர் தெருவோரத்தில் நுரையோடு ஓடியது. ஒரு விமானத்தின் நிழல் கூரைகளைத் தடவிக் கடந்தது. மயூராவின் விரல் அங்கேயே இருந்தது.