தறி நின்றால் ஆட்டம்

ஆர்.கே.பேட்டைப் புஷ்பலதா வீட்டு டிவியின் ரிமோட் உடைந்துபோயிருந்தது. மகள் மோனிஷா ஆடும் கபடி இறுதிப்போட்டியின் நேரலையை எப்படியும் பார்த்தாக வேண்டும். சொன்னால் டிவியைப் போடும் ஸ்பீக்கரை வாங்கி, தெருவே தறி நிறுத்தும் அமாவாசையன்று பேசிப் பார்த்தாள். கேட்டது.

போட்டியன்றோ தெரு முழுக்க விசைத்தறிகள் இரைந்தன. தொண்டை கிழியக் கத்தியும் டிவி அசையவில்லை.

"அமாவாசைக்கு மட்டுந்தான் அதுக்குக் காது கேக்குமா?" என்று அக்காள் கணவர் கஜபதி சிரித்தார். "இன்னும் கத்திகினு இருந்தா பக்கத்து வூட்டு டிவி ஓடும்!"

"கொஞ்சம் இருங்க பாவா."

தன் தறியைப் போனிலிருந்தே நிறுத்துவதற்காக மாட்டியிருந்த ஸ்மார்ட் பிளக்கின் செயலியைத் திறந்தாள். தறி நின்றதும் டிவி எழுந்து நேரலையைப் போடும்படி பிளக்கையும் ஸ்பீக்கரையும் அதிலேயே இணைத்தாள். தறியை அணைத்தாள்.

திரையில் மோனிஷா பாய்ந்துகொண்டிருந்தாள்!

கஜபதி தெருவுக்கு ஓடினார். "தறிய நிறுத்துங்கப்பா! நம்ம மோனிஷா ஆடுறா!"

வீடு வீடாகத் தறிகள் அடங்கின.

"சத்தத்தை ஏத்து" என்றாள் புஷ்பலதா, மெதுவாகத்தான். இம்முறை ஸ்பீக்கருக்குக் கேட்டது. மோனிஷாவின் அணி வென்ற ஆரவாரம் தெருக்கோடி வரைக்கும் போனது.