மாரிகா தூக்கிக் கொடுத்த பந்துகள்

பந்து எந்த உயரத்தில் வந்தால் உனக்குப் பிடிக்கும் என்று நாலியாகாவிடம் முதன்முதலில் கேட்டவள் மாரிகாதான். நைரோபி கிளப்பில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அங்கே வந்த பந்தை அடித்தாள், அவ்வளவுதான்.

இத்தாலியில் ஃபோர்லி நகருக்குப் பக்கத்துச் சிற்றூரின் பெண்கள் வாலிபால் அணிக்கு நாலியாகா தேர்வுக்காக வந்திருந்தாள். இடதுபக்கம் நின்று அடிக்க ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு அவளும் அந்த ஊர்ப் பெண் நொயேமியும் போட்டி. சனிக்கிழமை பக்கத்து ஊருடன் நடக்கும் பயிற்சி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமைதான் முடிவு என்று கோச் மொந்தனாரி இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார். தேறாவிட்டால் நாலியாகா கென்யாவுக்குத் திரும்ப வேண்டும்.

தங்க இடம் கொடுத்தது மாரிகாவின் வீடு. மாரிகா அணியின் செட்டர். யாருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பது அவள் கையில் இருந்தது. நாலியாகாவுக்குத் தன் சைக்கிளைக் கொடுத்தாள், மேல்சட்டை கொடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாலியாகா கடையில் பால் காப்பி கேட்டபோது அவளை வெளியே இழுத்து வந்தாள்.

“பால் காப்பி காலையிலதான்டி. இந்நேரத்துக்குக் குடிச்சா, கூட்டிட்டு வந்த என்னைப் பார்த்துல்ல ஊரு சிரிக்கும்.”

மாரிகாவின் அம்மா லொரெதானா ஒருநாள் சோள மாவைக் களியாகக் கிண்டி மேசைப் பலகையில் கொட்டினாள். நாலியாகா தன் வீட்டுச் சோளக் களியான உகாலியைப் போலவே இருக்கிறது என்று சொல்லி, உருட்டிக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டாள். அன்று அந்த வீட்டில் எல்லாரும் முள்கரண்டியை வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டார்கள். அதன் பிறகு அவள் லொரெதானாவைத் தன் ஊர் வழக்கப்படி ‘மாரிகாவின் அம்மா’ என்றே கூப்பிட்டாள். லொரெதானாவுக்கு அது பிடித்திருந்தது.

தோளைப் பற்றி அவள் சொன்னது மாரிகாவிடம் மட்டும்தான். பழைய அடி. உயரமாக, வலையிலிருந்து சற்றுத் தள்ளி வரும் பந்தை எவ்வளவு வேண்டுமானாலும் அடிப்பாள். வலையை ஒட்டித் தாழ்வாக வந்தால் கையை அவசரமாகத் திருப்ப வேண்டும், தோள் பிடித்துக்கொள்ளும். தெரிந்தால் எந்த அணியும் எடுக்காது. மாரிகா அவள் தோளில் களிம்பு தடவிக்கொண்டே சொன்னாள்.

“கோச்கிட்ட மூச்சு விடாதே. நான் உனக்கு ஒசத்தியே தர்றேன்.”

அந்த வாரம் முழுவதும் அப்படித்தான் கொடுத்தாள். பயிற்சியில் நாலியாகா அடித்த பந்துகள் எதிர்ப்பக்கத் தரையில் விழுந்து அரங்கச் சுவர்வரை போயின. நொயேமிகூடக் கை தட்டினாள்.

சனிக்கிழமை அரங்கில் பாதி ஊர் இருந்தது. முதல் பந்து வலையை ஒட்டித் தாழ்வாக வந்தது. எதிரணிப் பெண்கள் கையால் மறித்தார்கள். மாரிகா கை உயர்த்தி, தன் தவறு என்றாள். அடுத்ததும் அப்படியே வந்தது. அதற்கடுத்ததை நாலியாகா வலையிலேயே அடித்தாள். தோள் பிடித்துக்கொண்டது. பதற்றம் போலிருக்கிறது என்று மாரிகாவுக்காக அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். உயரமாகக் கொடு என்று சைகை காட்டினாள். மாரிகா தலையாட்டினாள். பந்து தாழ்வாகவே வந்தது.

கோச் அவளை வெளியே எடுத்து நொயேமியை இறக்கினார். நொயேமிக்கு மாரிகா தூக்கிக் கொடுத்த முதல் பந்து நல்ல உயரத்தில், வலையிலிருந்து விலகி, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பதுபோல் வந்தது. நாலியாகா வரிசை நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். மாரிகாவிடம் பதற்றம் எதுவும் இல்லை.

ஆட்டம் முடிந்து வழக்கம்போல அணி முழுதும் பீட்சா சாப்பிடப் போனது. மாரிகா தன் பக்கத்தில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். எல்லாருக்கும் ஒரு மோசமான நாள் வரும் என்று சொல்லி அவள் முதுகைத் தடவினாள். நாலியாகா பீட்சாவைத் துண்டாக்கியபடி யோசித்தாள். கோச்சிடம் சொன்னால் தாழ்வான பந்தை ஏன் அடிக்க முடியவில்லை என்று கேட்பார். தோளைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை எப்படியும் அனுப்பிவிடுவார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோச் சதுக்கத்துக் காப்பிக் கடையில் நின்றுகொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் தோளை, பிறகு பந்துகளை. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“தோள் விஷயம் எனக்குத் தெரியும்மா. வியாழக்கிழமையே மாரிகா வந்து சொல்லிட்டா.”

“பந்து?”

“எனக்குக் கண்ணு தெரியும். ஆனா அவளை உட்கார வெச்சா தூக்கிக் கொடுக்க வேற ஆள் இல்ல. அடிக்கிறதுக்கு நொயேமி இருக்கா.”

திங்கட்கிழமை கிளப் தலைவரே கூப்பிட்டு முடிவைச் சொல்லுவார் என்றார். அவள் காப்பிக்கும் அவரே காசு கொடுத்தார்.

வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். மாரிகாவின் அப்பா தட்டைப் பார்த்தபடி இருந்தார். லொரெதானா நாலியாகாவின் தட்டில் சூப்பை ஊற்றினாள்.

“மாரிகாவின் அம்மா, உங்க பொண்ணு எனக்கு வேணும்னே கெட்ட பந்தா கொடுத்தா.”

கரண்டி பாத்திரத்துக்குள் திரும்பிப் போனது. லொரெதானா மகளைப் பார்க்கவில்லை.

“நொயேமிக்கு ஞானஸ்நானம் நடந்தப்ப கையில ஏந்தி நின்னவ நான்தாம்மா. அவ ஞானத்தாய் நான். அவ வெளிய உட்கார்ந்தா அவங்கம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நீ நல்ல பொண்ணு. உனக்கு வேற ஊர்ல கிடைக்கும். சாப்பிடு, ஆறிடும்.”

மாரிகா தலைநிமிர்ந்தாள்.

“அஞ்சு வயசுலேர்ந்து நானும் அவளும் ஒண்ணா ஆடுறோம். நீ ஒரு வருஷம் ஆடிட்டுப் போயிடுவ. உன்னை எனக்குப் பிடிக்கும்டி. அதுல பொய் இல்ல.”

“தெரியும். பொய்னா தோளைப் பத்தி உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டேன்.”

விமான நிலையத்துக்குத் தானே காரில் கொண்டுபோய் விடுவதாக மாரிகா சொன்னாள். பஸ்ஸில் போய்க்கொள்வேன் என்றாள் நாலியாகா. அதைக் கேட்டதும் மாரிகா முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

லொரெதானா கைத்துண்டுடன் எழுந்தாள். மேசைக்கும் சுவருக்கும் நடுவே வழி குறுகல். அவள் போவதற்காக நாலியாகா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். லொரெதானா அவளைத் தாண்டிப்போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.