கழன்ற தோள்

நெட்டையின் இடது தோள் நான்காவது தடவை கழன்றது குளியலறையில். ஈரச் சட்டையைத் தலைவழியே உருவிக்கொண்டிருந்தாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது. தோளுக்குக் கீழே, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு மேடு புடைத்துக்கொண்டு நின்றது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சட்டை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முழங்காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, உடம்பை மெல்லப் பின்னுக்குச் சாய்த்தாள். 'டொக்'கென்று எலும்பு உள்ளே போனது. முகத்தைக் கழுவிவிட்டு, விசில் ஊதுவதற்குள் வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

ராணுவப் பயிற்சி முகாமில் அது அவளுக்கு இருபத்தைந்தாவது வாரம். மொத்தம் முப்பத்தாறு. வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. முதல் நாளே அணியில் எல்லோரும் நெட்டை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளோடு ஜோடி சேர்த்துவிட்ட பெண் அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். அவளுக்கு வைத்த பெயர் பொடிசு. பயிற்சி முடியும்வரை இரண்டு பேரும் ஒன்றாக ஓட வேண்டும், ஒன்றாகத் தண்டனை வாங்க வேண்டும். பயிற்சியாளர் இவர்களைப் பார்க்கும்போதெல்லாம், "ஏணியும் ஸ்டூலும் வந்தாச்சா?" என்பார்.

தோள் முதல் தடவை கழன்றது நான்காவது வாரம், சேற்றில் வழுக்கி விழுந்தபோது. இரண்டாம் தடவை கயிறு ஏறும்போது. இரண்டு தடவையும் முகாமின் டாக்டரம்மாதான் சரி செய்தார். இரண்டாம் தடவை கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தடவை ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா. மருத்துவக் குழு முன்னாடி நிக்கணும். பெரும்பாலும் வீட்டுக்குத்தான்."

அதனால் மூன்றாவது தடவையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பொடிசுக்கு மட்டும் தெரியும். கூடவே இருப்பவளிடம் எதை மறைக்க முடியும்?

"சொல்லித் தொலையேன்டி," என்றாள் பொடிசு. "கை ஒரேயடியாப் போயிடப் போகுது."

"பதினோரு வாரம். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிருவேன்."

"நீ சட்டையக் கடிக்கிறதத்தான் நான் பாத்துக்கிட்டிருக்கேனே."

நெட்டையின் அப்பா முடிதிருத்துகிறவர். மூன்று நாற்காலி போட்ட சொந்தக் கடை. மகள் சீருடையில் நிற்கும் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிக்கு மேலே மாட்டிவைத்திருந்தார். முடி வெட்ட உட்கார்ந்தவர்களுக்குத் தப்பிக்க வழியில்லை. கத்தரி ஓயும்வரை மகள் புராணத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கடைக்குள் தோற்றுப்போனவளாக எப்படிப் போய் நிற்பது?

அடுத்த வாரம் எட்டடிச் சுவரைத் தாண்டும் பயிற்சி. நெட்டை முதலில் ஏறிச் சுவர்மேல் குதிரை ஏறுவதுபோல் கால் போட்டு உட்கார்ந்தாள். இடது கையைச் சுவரின் மறுபக்கம் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு, வலது கையைக் கீழே நீட்டினாள். பொடிசு ஓடி வந்து, எம்பி, அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவளுடைய மொத்தப் பாரமும் இழுத்த நொடியில் நெட்டையின் இடது தோள் கழன்றது. வலி மின்னல் மாதிரி வெட்டியதில் வலது கை தானாகத் திறந்துகொண்டது.

பொடிசு கீழே கிடந்த மரக்கட்டையில் போய் விழுந்தாள். மோவாய் பிளந்து ரத்தம் கொட்டியது. எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். நெட்டை சுவரின் மறுபக்கம் சரிந்து இறங்கி, யாரும் பார்க்காத இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தோளை உள்ளே தள்ளினாள். இது ஐந்து. சுற்றிக்கொண்டு வந்தபோது பயிற்சியாளர் கத்திக்கொண்டிருந்தார்.

"எப்படி விழுந்த? யாரு பிடிய விட்டது?"

பொடிசு கைக்குட்டையை மோவாயில் அழுத்தியபடி நெட்டையை ஒரு பார்வை பார்த்தாள். "நான்தான் சார். என் கையெல்லாம் சேறு."

பயிற்சியாளர் குறிப்பேட்டை எடுத்து எழுதினார். "இது உனக்கு ரெண்டாவது எச்சரிக்கை. இன்னொண்ணு விழுந்தா அடுத்த அணியோட சேர்ந்து முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்."

நெட்டை சட்டையிலிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். எதிரே பொடிசின் இடம் காலியாக இருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தாள், இறங்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு மருத்துவ அறைக்கு நடந்தாள்.

டாக்டரம்மா பொடிசுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என்ன?" என்றார்.

"மேடம், என் தோள் கழன்றதாலதான் இவ விழுந்தா."

பொடிசு ஊசிக்கடியில் இருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை. கண்ணை மட்டும் உருட்டினாள்.

டாக்டரம்மா நூலை வெட்டிவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தார். "ரெண்டு தடவைன்னு இருக்கு. அப்போ இது மூணு."

"அஞ்சு, மேடம்."

"நடுவுல ரெண்டு தடவை யாரு ஏத்துனது?"

"நானே."

திட்டுவார் என்று நெட்டை எதிர்பார்த்தாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரு," என்றார். தோளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, "வலிச்சிருக்குமே புள்ள," என்றார். ஐந்து தடவையும் அடக்கிவைத்த அழுகை அந்த ஒரு சொல்லுக்கு உடைந்துவிட்டது.

பொடிசு மூன்று நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் பொரிந்து தள்ளினாள். "உனக்காக நான் பொய் சொன்னேன். நீ என்னடான்னா தனியாப் போய் உத்தமி வேஷம் கட்டிட்ட. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டியா?"

"கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன். அதுக்காகக் கேக்காம இருப்பியா?"

விஷயம் தெரிந்ததும் பயிற்சியாளர் குறிப்பேட்டில் அந்த எச்சரிக்கையை அடித்துவிட்டார். ஆனால் பொய் சொன்னதற்காகப் பொடிசுக்கு ஒரு வாரம் கழிப்பறை கழுவும் வேலை கொடுத்தார். நெட்டைக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை. அவள் ஒற்றைக் கையில் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொடிசுக்குத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டாம் நாள் பொடிசு, "அந்த மூலையில ஊத்து," என்றாள். சமாதானம் ஆகிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

மருத்துவக் குழு கூடுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பேச அரை மணி நேரம் போன் கொடுத்தார்கள். அப்பா வழக்கம்போல ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். கடையில் கூட்டம் இருப்பது இங்கேயே கேட்டது.

"சொல்லு தாயி! இன்னைக்கு எத்தனை மைல் ஓடின? எல்லாரும் கேக்கறாங்க பாரு."

"அப்பா, ஸ்பீக்கர அணைங்க."

பிறகு கதவு திறந்து மூடும் சத்தம். தெருவில் வண்டிகள் போகும் ஓசை.

"வெளிய வந்துட்டேன். சொல்லு."

சொன்னாள். ஐந்து தடவையும் சொன்னாள். பொடிசு விழுந்ததையும் விட்டுவைக்கவில்லை. அப்பா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அப்பா?"

"இருக்கேன்மா. சின்ன வயசுல முள்ளு குத்தினாலே ஊரைக் கூட்டுவியே. இத எப்படி வாயத் திறக்காம பொறுத்துக்கிட்ட?"

"உங்களுக்காகத்தான்."

"எனக்காகவா?" என்றார் அப்பா. "நான் கடையில நாலு பேருகிட்ட வாய் அடிக்கிறதுக்கு நீ கையக் கழட்டிக் கொடுக்கணுமா? நல்லா இருக்கே கதை. அனுப்பினா வந்துரு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்." மூக்கை உறிஞ்சினார். "கொஞ்சம் இரும்மா. உள்ள ஒருத்தர் பாதி மீசையோட உட்கார்ந்திருக்காரு, எட்டி எட்டிப் பாக்கறாரு."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

குழுவில் மூன்று மருத்துவர்கள். நடுவில் இருந்தவர் அவள் கையைப் பக்கவாட்டில் உயர்த்தி, மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். அவளை மீறி உடம்பு சுருங்கியது. வலது கை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவர் கையை விட்டுவிட்டார். அதற்கு மேல் சோதிக்க ஒன்றும் இல்லை.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா திரும்ப வரலாமா சார்?"

"விண்ணப்பிக்கலாம். ஒரு வருஷம் தோள் கழலாம இருந்தா பரிசீலிப்பாங்க. எடுத்துப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

மழுப்பாமல் உள்ளதைச் சொன்னாரே என்று அவளுக்கு அந்த நேரத்திலும் ஒரு மரியாதை வந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் சீருடை, பூட்ஸ், போர்வை எல்லாவற்றையும் கிடங்கில் ஒப்படைத்தாள். பயிற்சியாளர் வாசல்வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உடம்பப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பி நடந்தார்.

இரண்டு வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. கையைத் துணியில் தொட்டில் போலக் கட்டி மார்போடு தொங்கவிட்டார்கள். அம்மாதான் தலை வாரி, சட்டை மாட்டிவிட்டாள். கடைக்கு வந்தவர்கள் முதலில் தூண்டித் துருவினார்கள்; அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். சில நாள் விடிந்ததும் விசில் சத்தம் கேட்டமாதிரி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். போக இடமில்லை என்று தெரிய ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

முப்பத்தாறாவது வாரம் நிறைவு அணிவகுப்பு. ஒவ்வொரு பெண்ணும் வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடலாம். பொடிசு தன் சித்தியையும் நெட்டையையும் கூப்பிட்டிருந்தாள். நெட்டை போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் புழுங்கினாள். கடைசியில் போனாள்.

வெயிலில், இரும்பு நாற்காலியில், தொட்டில் கட்டிய கையோடு உட்கார்ந்து பார்த்தாள். அணி ஒரே காலாக நடந்து வந்தது. தான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் வேறொரு உயரமான பெண் இருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நெட்டை ஒற்றைக் கையால் தொடையில் தட்டினாள். "மெதுவாம்மா, அந்தக் கையும் போயிடப் போகுது," என்றார் சித்தி.

அணி கலைந்ததும் பொடிசு ஓடி வந்தாள். மோவாயில் தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

"பொறாமையா இருக்காடி?" என்று கேட்டாள் பொடிசு.

"வயிறு எரியுது."

"எரியட்டும். இல்லேன்னு சொல்லியிருந்தா உன் முகத்துலயே முழிச்சிருக்க மாட்டேன்."

நெட்டைக்குச் சிரிப்பு வந்தது. பொடிசு குதிகாலை உயர்த்தி, வலப்பக்கமாக மட்டும் அவளைக் கட்டிக்கொண்டாள்.